நடாஷா ட்ரெத்தவே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கவிஞர் நடாஷா ட்ரெத்தவேயை எங்கள் வாசிப்புக் குழுவில் சில காலமாகப் படித்து வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குப் பதிலாக இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. கவிதை வரிகளை எடுத்துப் போடவில்லை. எதில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1966 ஏப்ரல் 26 அன்று, மிசிசிப்பி மாநிலத்தில் கல்ஃப்போர்ட் என்னும் கடற்கரை நகரத்தில் பிறந்தவர். அம்மா க்வெண்டொலின் கறுப்பினத்தவர். அப்பா எரிக் ட்ரெத்தவே கனடாவிலிருந்து வந்த வெள்ளையர், அவரும் கவிஞர். நடாஷாவின் முக்கியமான கவிதை நூல்கள் ஐந்து, உரைநடை நூல்கள் மூன்று. 'நேட்டிவ் கார்டு' என்ற தொகுப்புக்கு 2007-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2012 முதல் 2014 வரை பொயட் லாரியட், அதாவது அமெரிக்காவின் தேசியக் கவிஞர் பதவி. இப்போது சிகாகோவை ஒட்டியுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர்.

பிறந்த தேதியைக் கொஞ்சம் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடிமைமுறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையினருக்கு அஞ்சலி செலுத்தும் நாள் அது. அந்த வழக்கம் 1866-இல் தொடங்கியது. சரியாக நூறாவது வருஷம், ஊரே அந்தக் கொடிகளைக் கட்டியிருந்த நாளில், ஆஸ்பத்திரியில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பிரிவில் இவர் பிறந்தார். பிற்பாடு எழுதியதில் பெரும்பகுதி இந்த ஒரு தற்செயலிலிருந்தே கிளம்புகிறது.

நடாஷா என்பது ரஷ்யப் பெயர் ஆயிற்றே?

ரஷ்யப் பெயர்தான். அப்பா அப்போது டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தாராம். அதன் நாயகியின் பெயரை மகளுக்கு வைத்துவிட்டார். கிறிஸ்துமஸ் குழந்தை என்று பொருள் வரும் பெயர், ஈஸ்டரை ஒட்டிப் பிறந்த பெண்ணுக்கு. இதை அவரே ஒரு கவிதையில் சொல்கிறார். ட்ரெத்தவே என்பது இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துக் குடும்பப் பெயர்.

அப்பா அம்மா கல்யாணமே சட்டவிரோதம் என்கிறார்கள். 1965-இல் கூடவா?

ஆமாம், 1965-இல்கூட. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வது மிசிசிப்பியில் அப்போது குற்றம். இருவரும் கென்டக்கியில் ஒரு கல்லூரியில் படிக்கும்போது பழகியவர்கள். ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு மிசிசிப்பிக்குத் திரும்பினார்கள். வெளியே போய் மணந்தது ஒரு குற்றம், தம்பதியாகத் திரும்பி வந்தது இன்னொரு குற்றம்.

1967 ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. வழக்குப் போட்ட வர்ஜீனியா தம்பதியின் குடும்பப் பெயர் லவிங். கதையில் வைத்தால் மிகையாகத் தோன்றும், ஆனால் உண்மை. அப்போது நடாஷாவுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. மிசிசிப்பி தன் அரசியலமைப்பிலிருந்து அந்தத் தடையை எடுத்தது 1987-இல்தான். செத்துப்போன சட்டம் இருபது வருஷம் ஏட்டில் கிடந்தது.

பேராசிரியர் என்றால் எதற்குப் பேராசிரியர்? கவிதைக்கா?

கவிதைக்குத்தான். அமெரிக்காவில் படைப்பெழுத்து ஒரு பல்கலைக்கழகப் பாடம்; முதுகலைப் பட்டம் உண்டு. கவிதைப் புத்தகம் விற்று அங்கேயும் வீடு நடத்த முடியாது, ஆகவே கவிஞர்களில் பலருக்கு வாத்தியார் வேலைதான் சோறு போடுகிறது. ஒரு மாணவரின் கவிதையை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்து, எழுதியவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மற்றவர்கள் அலசுவதுதான் வகுப்பின் வழக்கமான நடைமுறை. பட்டறை என்பது இதைத்தான்.

ட்ரெத்தவே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1989-இல் இளங்கலை முடித்தார். அப்பா பாடம் நடத்திய ஹாலின்ஸ் கல்லூரியில் 1991-இல் முதுகலை, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் 1995-இல் கவிதையில் நுண்கலை முதுகலை. பிறகு பாடம் நடத்திய பல்கலைக்கழகங்கள்: அலபாமாவின் ஆபர்ன், 2001 முதல் 2017 வரை அட்லாண்டாவின் எமரி, அப்புறம் நார்த்வெஸ்டர்ன். பட்டறை வகுப்புகளிலிருந்து வரும் கவிதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஒரு புகார் உண்டு. எனக்கும் அதில் பாதி உடன்பாடு. ஆனால் இவர் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்துக்கொண்டது பட்டறையைவிட ஆவணக்காப்பகத்தை அதிகம் என்று தோன்றுகிறது. பழைய கடிதம், புகைப்படம், படைப்பிரிவுப் பதிவு என்று தேடிப் போகிற ஆள்.

பொயட் லாரியட் என்றால் நம்ம அரசவைக் கவிஞர் மாதிரியா?

பெயர் அப்படித் தோன்றும், வேலை வேறு. ஜனாதிபதியைப் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் நியமிக்கிற பதவி இது. 1937-இலிருந்து 'கவிதை ஆலோசகர்' என்று இருந்ததை 1986-இல் பெயர் மாற்றினார்கள். ட்ரெத்தவே இருந்த காலத்தில் ஆண்டுக்கு 35,000 டாலர் உதவித்தொகை. அதுவும் வரிப்பணமல்ல, ஒரு செல்வந்தர் விட்டுப்போன நன்கொடையிலிருந்து வருவது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வாசிப்பு நிகழ்ச்சி தவிரக் கட்டாயமாகச் செய்ய வேண்டியது அதிகமில்லை.

ட்ரெத்தவேக்கு அப்போது வயது 46. முதல் லாரியட்டான ராபர்ட் பென் வாரனுக்குப் பிறகு இந்தப் பதவிக்கு வந்த முதல் தென்மாநிலத்தவர். வாஷிங்டனுக்கே குடிவந்து, நூலகத்தில் கவிஞருக்கென்று இருக்கும் அறையில் உட்கார்ந்து, வருகிற பொதுமக்களைச் சந்தித்தார். இரண்டாவது ஆண்டில் பிபிஎஸ் தொலைக்காட்சியின் ஜெஃப்ரி பிரவுனுடன் ஊர் ஊராகப் போய், கவிதை எங்கெல்லாம் புழங்குகிறது என்று ஒரு தொடர் செய்தார். டெட்ராய்ட் பள்ளிகள், ப்ரூக்ளினில் மறதிநோய் கண்ட முதியவர்கள், சியாட்டிலில் சிறார் காவல் இல்லம் எல்லாம் அதில் வந்தன. அதே சமயத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் லாரியட்டாகவும் இருந்தார்.

ஆங்கிலம் எனக்குச் சுமார்தான். படித்தால் புரியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

புரியும். அகராதியைத் தூக்க வைக்கிற கவிஞரல்ல. வாக்கியங்கள் நேராகப் போகும், காட்சி கண்முன் நிற்கும். தெரிந்திருக்க வேண்டியது அமெரிக்கத் தெற்கின் வரலாறு கொஞ்சம். இந்தப் பக்கத்தில் இருப்பதே முதல் சுற்றுக்குப் போதும்.

முதலில் ஒரே ஒரு கவிதை படிக்கப் போகிறீர்கள் என்றால் 'ஹிஸ்டரி லெசன்' படியுங்கள். ஒரு புகைப்படத்தைப் பற்றிய சின்னக் கவிதை. 1970, நான்கு வயதுச் சிறுமி, மிசிசிப்பிக் கடற்கரையில் பூப்போட்ட நீச்சலுடையில் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். படம் எடுக்கிறவர் பாட்டி. அந்தக் கடற்கரை முழுவதும் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிடப்பட்டு அப்போது இரண்டே வருஷம். அதற்கு நாற்பது வருஷம் முந்தி, கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய குறுகிய மணல்திட்டில், மாவுச் சாக்குத் துணியில் தைத்த உடையோடு அதே பாட்டி நின்றிருக்கிறார். அவ்வளவுதான் கவிதை. யாரையும் திட்டவில்லை, எதையும் விளக்கவில்லை.

புத்தகம் என்றால் நேராக 'நேட்டிவ் கார்டு'. வரிசைப்படிதான் படிப்பேன் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

முதல் புத்தகம் வீட்டுவேலை பற்றியதாமே?

2000-இல் வந்த 'டொமெஸ்டிக் வொர்க்'. கறுப்பினக் கவிஞர்களின் முதல் நூலுக்காக கேவ் கேனம் என்ற அமைப்பு தொடங்கிய பரிசின் முதல் வெற்றியாளர் இவர். தேர்ந்தெடுத்தவர் கவிஞர் ரீட்டா டவ். நூலின் நடுப்பகுதி பாட்டியின் வாழ்க்கை. வெள்ளையர் வீடுகளில் வேலை, லிஃப்ட் இயக்கும் வேலை, முடி அலங்காரம், திரைச்சீலைத் தொழிற்சாலை என்று பாட்டி பார்க்காத வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் வீட்டைத் தானே துடைக்கிற பெண்ணைப் பற்றிய தலைப்புக் கவிதை அருமையானது.

இவரைக் கறுப்பினக் கவிஞர் என்று சொல்லலாமா, கலப்பினம் என்று சொல்ல வேண்டுமா?

தன்னைக் கறுப்பினத்தவர் என்றும், இரு இனப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றும் அவரே சொல்லிக்கொள்வார். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடாது. சிக்கல் அவருக்கு இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான்.

முதல் புத்தகத்திலேயே 'வைட் லைஸ்' என்று ஒரு கவிதை. நிறம் வெளுப்பு என்பதால் சிறுமி பள்ளியில் தன்னை வெள்ளைக்காரக் குழந்தை என்று காட்டிக்கொள்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்ததும் ஐவரி சோப்பால் வாயைக் கழுவிவிடுகிறாள், பொய் சொன்ன நாக்கைச் சுத்தம் செய்ய. பெண்ணோ நுரையை விழுங்குகிறாள், உள்ளே போய் வேலை செய்யட்டும் என்று. ஐவரி சோப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கவிதையைப் படியுங்கள்.

இரண்டாவது புத்தகம் பாலியல் தொழிலாளிகள் பற்றியது என்று கேள்விப்பட்டேன். அதுவும் சொந்தக் கதையா?

இல்லை. நியூ ஆர்லியன்ஸில் 1897 முதல் 1917 வரை ஸ்டோரிவில் என்றொரு பகுதி விபச்சாரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இ. ஜே. பெல்லாக் என்ற புகைப்படக்காரர் 1912 வாக்கில் அங்கிருந்த பெண்களைப் படம் எடுத்தார். கண்ணாடித் தகடுகள் பல வருஷம் கழித்துக் கிடைத்தன. சிலவற்றில் பெண்களின் முகம் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தது. அந்தப் படங்களைப் பார்த்து, வெள்ளையராகவே தோற்றம் தரும் ஒரு கலப்பினப் பெண்ணை ட்ரெத்தவே கற்பனை செய்தார். பெயர் ஒஃபீலியா. அவள் ஊரிலிருக்கும் தன் ஆசிரியைக்கு எழுதும் கடிதங்கள்தான் 2002-இல் வந்த 'பெல்லாக்ஸ் ஒஃபீலியா'வின் முதுகெலும்பு.

பிறர் பார்ப்பதற்காக உட்கார்ந்து உட்கார்ந்து பழகியவள் கடைசியில் தானே ஒரு கேமரா வாங்குகிறாள். சொந்தக் கதை இல்லைதான்; ஆனால் முந்தைய கேள்விக்குச் சொன்ன பதிலோடு சேர்த்துப் பாருங்கள், இந்தப் பெண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது புரியும்.

'நேட்டிவ் கார்டு' என்றால் யார்? பூர்வகுடிகளா?

பெயரைப் பார்த்து நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். லூசியானா நேட்டிவ் கார்ட்ஸ் என்பவை அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினப் படைப்பிரிவுகள்; 1862 செப்டம்பர் முதல் நியூ ஆர்லியன்ஸில் திரட்டப்பட்டவை. இரண்டாம் படைப்பிரிவில் பெரும்பாலோர் அன்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களைக் கல்ஃப்போர்ட்டுக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய 12 மைல் தள்ளியிருக்கும் ஷிப் தீவில் நிறுத்தினார்கள். அங்கிருந்த கோட்டையில் சிறைப்பட்ட தென்படை வெள்ளையர்களுக்கு இவர்கள் காவல். நேற்றைய எஜமானர்களுக்கு இன்றைய காவலர்கள்.

1863 ஏப்ரலில் பாஸ்காகூலாவில் நடந்த சண்டையில் இவர்கள் பின்வாங்கும்போது சொந்தத் தரப்புப் பீரங்கிப் படகே இவர்கள்மேல் குண்டு போட்டது. ஷிப் தீவுக்கு இன்றும் சுற்றுலாப் படகு போகிறது. கோட்டை வாசலில் தென்படைக் கைதிகளின் பெயர்களைப் பொறித்த பலகை இருந்தது. காவல் காத்த கறுப்பின வீரர்களுக்கு அப்படி ஒன்றும் அப்போது இல்லை. அந்த ஊரிலேயே வளர்ந்து, அந்தத் தீவுக்குச் சிறுவயதிலேயே போய்வந்த ட்ரெத்தவேக்கு இது தெரியவே தெரியாது. பெரியவளான பின் ஒருநாள் உணவகத்தில் பாட்டியிடம் ஷிப் தீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் காதில் விழ, அந்த அந்நியப் பெண் சொல்லித்தான் தெரிந்ததாம்.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று? யாரும் நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நேராகவே சொல்கிறேன். பெற்றோர் பிரிந்த பின் அம்மாவும் மகளும் 1972-இல் அட்லாண்டாவுக்குப் போனார்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டார். அந்த ஆள் வருஷக்கணக்கில் அடித்தான், மிரட்டினான். அம்மா விவாகரத்து வாங்கி வெளியேறினார். ஒருமுறை கொல்ல முயன்று சிறைக்குப் போனவன், வெளியே வந்ததும் திரும்பத் துரத்தினான். 1985 ஜூன் 5 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றான். நடாஷாவுக்கு அப்போது 19 வயது, கல்லூரி மாணவி. அம்மா காவல்துறையிடம் போகாமல் இருந்தவரல்ல. எழுத்தில் கொடுத்திருந்தார், அவன் பேசிய தொலைபேசி மிரட்டல்களைப் பதிவுசெய்தும் தந்திருந்தார்.

அந்த வீடு மெமோரியல் டிரைவ் என்ற சாலையை ஒட்டி இருந்தது. அட்லாண்டாவிலிருந்து அந்தச் சாலை போய்ச் சேரும் இடம் ஸ்டோன் மவுண்டன். தென்படைத் தலைவர்களைப் பாறையில் பிரம்மாண்டமாகச் செதுக்கியிருக்கும் மலை. 2020-இல் வெளியான நினைவுக்குறிப்புக்கு அந்தச் சாலையின் பெயரைத்தான் வைத்தார்.

அம்மாவின் சாவையும் உள்நாட்டுப் போரையும் ஏன் ஒரே புத்தகத்தில் கட்டினார்? ஒட்டவில்லையே.

'நேட்டிவ் கார்டு' பற்றிய கேள்வி இது. முதல் வாசிப்பில் எனக்கும் ஒட்டவில்லை. ஒட்டவைப்பது கல்லறை. அம்மாவை கல்ஃப்போர்ட்டில் அடக்கம் செய்தார்கள். வெகுகாலம் அங்கே பெயர்ப்பலகை இல்லை. இறக்கும்போது அம்மாவின் பெயரோடு ஒட்டியிருந்தது கொன்றவனின் குடும்பப் பெயர், அதைக் கல்லில் வெட்ட மனம் வரவில்லை. 'மான்யுமென்ட்' என்ற கவிதையில் அந்தக் கல்லறைமேல் எறும்புகள் மண்ணைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டிருக்கின்றன. தான் செய்யாததை அவை செய்கின்றன என்று மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஷிப் தீவில் பெயர் பொறிக்கப்படாத வீரர்கள், அதற்கு நேர் எதிர்க்கரையில் பெயர் பொறிக்கப்படாத அம்மா. நாடு செய்த அதே காரியத்தைத் தன் அம்மாவுக்குத் தானும் செய்திருக்கிறோம் என்ற உறுத்தல்தான் புத்தகத்தை நடத்துகிறது. முதல் பகுதி அம்மா, நடுப்பகுதி வரலாறு, மூன்றாவதில் இரண்டும் சேர்ந்த மிசிசிப்பிக் குழந்தைப் பருவம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற நூல்களுக்கும் வழி கிடைத்துவிடும். ட்ரெத்தவே அழுது தீர்ப்பதற்காக எழுதுகிறவரல்ல. விட்டுப்போன பதிவேட்டை எழுதி நிரப்புகிறவர்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே, அச்சுப்பிழையா?

நிஜமாகவே ஒருவர் கேட்டார். தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். 'நேட்டிவ் கார்டு' நூலின் தலைப்புக் கவிதை பத்து சானெட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். விடுதலையான ஒரு அடிமை, இப்போது சிப்பாய், நாட்குறிப்பு எழுதுகிறான். தாள் கிடையாது, கைவிடப்பட்ட ஒரு தென்மாநில வீட்டில் எடுத்த வேறொருவரின் நாட்குறிப்பில், ஏற்கெனவே இருக்கும் எழுத்துக்குக் குறுக்காக எழுதுகிறான். ஒரு சானெட்டின் கடைசி வரியில் உள்ளது சற்றே மாறி அடுத்ததன் முதல் வரியில் வரும். அந்தாதி தெரிந்த நமக்கு இது உடனே பிடிபடும். முதல் கவிதையைத் தொடங்கிவைத்த சொற்களே பத்தாவதின் முடிவில் வந்து நிற்கின்றன. மண்டலித்து முடிவதும் நமக்குப் புதிதல்ல.

'இன்சிடென்ட்' என்ற கவிதை பாண்டூம், மலாய் பாந்துனிலிருந்து ஐரோப்பா வழியாக வந்த வடிவம். ஒவ்வொரு பத்தியின் 2, 4-ஆம் வரிகள் அடுத்த பத்தியின் 1, 3-ஆம் வரிகளாகும். பொருள், பாட்டி வீட்டுக்கு வெளியே கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின வெறிக் கும்பலின் ஆட்கள் சிலுவையை எரித்த இரவு. எதிரே இருந்த தேவாலயத்தை மிரட்டவா, இந்தக் கலப்புக் குடும்பத்தை மிரட்டவா என்று கடைசிவரை தெளிவாகவில்லை. குடும்பத்தில் வருஷாவருஷம் சொல்லப்படும் கதை. சொல்லும்போது அதே வாக்கியங்கள் திரும்பத்தானே செய்யும். 'மித்' இன்னும் ஒரு படி மேலே: ஒன்பது வரி போய், அதே ஒன்பது வரி தலைகீழ் வரிசையில் திரும்பும். கனவில் அம்மா இருக்கிறாள், விழித்தால் இல்லை, மறுபடி கனவு. மாலைமாற்றை எழுத்துக்குப் பதிலாக வரிவரியாகச் செய்துபார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கஜல்கூட எழுதியிருக்கிறாராமே?

மேலே கல்யாணக் கேள்வியில் சொன்ன விஷயங்கள்தான் அந்தக் கஜல். எல்லா ஈரடியும் 'மிசிசிப்பி' என்ற மாநிலப் பெயரில் வந்து விழும். கடைசி ஈரடியில் கவிஞர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற மரபு உண்டல்லவா, பெயர் வைத்த கதையை அங்கே கச்சிதமாக இறக்கிவிடுகிறார். ஆங்கிலத்தில் கஜலை அதன் இலக்கணத்தோடு எழுத வேண்டும் என்று வாதாடி நிலைநிறுத்தியவர் காஷ்மீரியான ஆகா ஷாஹித் அலி.

அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இரங்கற்பா எழுதிவிட்டாராமே. சண்டையா?

2012-இல் வந்த 'த்ரால்' தொகுப்பு அந்த இரங்கற்பாவோடுதான் தொடங்குகிறது. அப்பா காலமானது 2014-இல். அப்பாவும் மகளும் ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கிறார்கள், தூறல் போடுகிறது. இதை எல்லாம் என்றாவது எழுதப்போகும் இரங்கற்பாவுக்காகவே அன்று மனதில் சேமித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு ஈரமில்லாதவளாக இருந்தேன் என்று மகள் அங்கேயே ஒப்புக்கொள்கிறாள்.

சண்டை என்பது சரியான சொல்லல்ல. நேசமும் கணக்குத் தீர்ப்பதும் ஒன்றாக நடக்கின்றன. அப்பா தன் கவிதை ஒன்றில் மகளைக் குறிக்கக் கால்நடைக் கலப்புக்குச் சொல்வது போன்ற சொல்லைப் போட்டிருந்தார். மகள் அதை மறக்கவில்லை. இறந்த பெண்ணுடலைச் சுற்றி நின்று மருத்துவர்கள் அறுத்து ஆராயும் ஒரு பழைய சித்திரத்தைப் பற்றிய கவிதையில், அந்த ஆண்கள் கூட்டத்தில் அப்பாவின் அந்த வரியையும் கொண்டுவந்து நிறுத்துகிறாள். இன்னொரு கவிதையில் இருவரும் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்ற ஜனாதிபதி. கறுப்பினப் பெண்ணை மணந்த அப்பா. கவிதை எங்கே போகிறது என்று நீங்களே பாருங்கள். என்னைக் கேட்டால், அவர் எழுதியதிலேயே மிகத் தைரியமானது அதுதான்.

'த்ரால்' புரியவில்லை. எல்லாம் பழைய ஓவியங்களாக இருக்கின்றன.

அந்த ஓவியங்களை முதலில் இணையத்தில் பார்த்துவிடுங்கள், பாதிச் சிரமம் போய்விடும். 18-ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் காஸ்தா ஓவியங்கள் என்றொரு வகை இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அப்பா, அம்மா, குழந்தை. யாருக்கும் யாருக்கும் பிறந்தால் குழந்தையை என்னவென்று அழைப்பது என்று படத்திலேயே எழுதியிருக்கும். அந்தப் படங்களை வைத்து நான்கு பகுதியாக 'டாக்ஸானமி' என்ற கவிதை. மூல ஓவியர் ஹுவான் ரோட்ரிகஸ் ஹுவாரெஸ், காலம் 1715 வாக்கில். சாதியை ஏணிப்படியாக வரைந்த படங்கள் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், படத்தைப் பார்க்காமல் சில கவிதைகள் தனித்து நிற்கவில்லை. அது நூலின் குறைதான்.

கத்ரீனா புயல் பற்றியும் எழுதியிருக்கிறாரா?

2010-இல், 'பியாண்ட் கத்ரீனா'. உரைநடையும் கவிதையும் கலந்தது. 2005 புயல் என்றதும் எல்லாரும் நியூ ஆர்லியன்ஸை மட்டும் நினைப்பார்கள். மிசிசிப்பிக் கரையும் அவருடைய குடும்பமும் பட்டதை இதில் பதிவுசெய்தார்.

அம்மாவின் கொலையைத் திரும்பத் திரும்ப எழுதி விருது வாங்குவது சரியா? மனதில் பட்டதைக் கேட்கிறேன்.

இதைக் கேட்காதவர்கள் குறைவு. படிக்கும் காலத்தில் ஒரு பேராசிரியர் அவரிடம், கறுப்பினத்தவர் என்பதையும் அம்மாவின் சாவையும் இறக்கிவைத்துவிட்டு வட அயர்லாந்துப் பிரச்சினையைப் பற்றி எழுது என்று அறிவுரை சொன்னாராம். இதை அவரே சொல்லியிருக்கிறார். ஆக, எழுதாதே என்ற குரல் அவருக்குப் பழகியதுதான்.

'மெமோரியல் டிரைவ்' நூலில் அம்மாவின் குரல் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். சாவு நடந்து இருபது வருஷம் கழித்து, அன்று முதலில் சம்பவ இடத்துக்கு வந்த போலீஸ்காரரை ட்ரெத்தவே எதேச்சையாகச் சந்திக்கிறார். வழக்கு ஆவணங்கள் அழிக்கப்படவிருந்த சமயம். அவர் மூலம் அவை கைக்கு வருகின்றன. மேலே சொன்ன தொலைபேசிப் பதிவுகளின் எழுத்து வடிவத்தை ட்ரெத்தவே ஏறக்குறைய அப்படியே தந்துவிடுகிறார். பக்கம் பக்கமாக ஒரு பெண் பதறாமல், மரியாதை குறையாமல், தன்னைக் கொல்லப்போகிறவனோடு பேசி நேரத்தைக் கடத்துகிறாள். மகள் அங்கே வாய் திறப்பதில்லை. துக்கத்தை விற்கிறவர் அந்த இடத்தில்தான் அதிகம் பேசியிருப்பார்.

நினைவுக்குறிப்பைப் படித்துவிட்டேன். இனிக் கவிதைகள் எதற்கு?

நினைவுக்குறிப்பிலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. சிறுவயதில் அம்மா வாங்கித் தந்த நாட்குறிப்பின் பூட்டை உடைத்து மாற்றாந்தந்தை படித்துவிடுகிறான். சிறுமி எழுதுவதை நிறுத்தவில்லை. அவன் படிப்பான் என்று தெரிந்தே, அவனை நேராக விளித்துத் திட்டி எழுத ஆரம்பிக்கிறாள். தன் முதல் வாசகன் அவன்தான் என்கிறார் ட்ரெத்தவே. அந்த வயதிலேயே எழுத்து யார் கண்ணில் படும் என்று கணக்குப் போடப் பழகியவர், கவிதைகளில் ஒவ்வொரு வரியையும் அந்தக் கணக்கோடுதான் வைக்கிறார். உரைநடை நூல் என்ன நடந்தது என்று சொல்கிறது. அம்மா கனவில் வந்துவந்து போவதை அந்த வேகத்திலேயே உங்களை நடக்கவைப்பது 'மித்' மட்டும்தான்.

2018-இல் வந்த 'மான்யுமென்ட்' எல்லா நூல்களிலிருந்தும் தேர்ந்தெடுத்த கவிதைகளும் புதியவையும் சேர்ந்தது. ஒரே புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் அது சிக்கனம். எப்படி எழுத வந்தார் என்று தெரிய வேண்டுமானால், 2024-இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் பீயிங்' சின்ன நூல். 49-ஆம் நெடுஞ்சாலையும் ஜெஃபர்சன் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த பாட்டி வீட்டைச் சுற்றியே நகர்கிறது.